ஈச்சங்காட்டின் ஒரே கோழிக்கள்ளி

தேவாரம் கிராமத்தில் மாட்டுப்பொங்கலன்று ஊரே காளைகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, சங்கிலியம்மாள் எதிர்த்திசையில் ஓடினாள். கூட ஓடியவன் சின்னக்கருப்பு. எள் அறுக்கக் கூலிக்கு வந்த இடத்தில் அவளைப் பார்த்து, மூன்று மாதம் சோறு இறங்காமல் இருந்தவன். இருவரும் சின்னமனூர் வரைக்கும் நடந்து, இடுப்பளவு ஆற்றைக் கடந்து, ஓடைப்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டுக்கு நடுவே இருந்த ஈச்சங்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவளுக்கு வயது பதினெட்டு. கையில் ஒரு நார்ப்பெட்டி, அதற்குள் ஒரு சேலை. அதைத் தவிர அவள் கொண்டுவந்தது, அடக்க முடியாத ஒரு சிரிப்பு.

ஊருக்கு வந்த நான்காம் நாளே அந்தச் சிரிப்பு அவளுக்கு வினையாக வந்தது. காலையில் கஞ்சிக் கலயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பங்காட்டுக்குக் கிளம்பியவள், வாசலில் கிடந்த நார்ப்பெட்டியை எடுத்துத் தலையில் வைத்தாள். மேலே ஒரு துணி கிடந்தது. துணிக்கு அடியில், பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளின் கருங்கோழி முட்டையிட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது. கோழியும் பாதித் தெரு வரைக்கும் சும்மா வந்தது. நாட்டாமை மொக்கைச்சாமியின் வீட்டு வாசலுக்கு நேரே வந்ததும், தான் முட்டையிட்ட சேதியை ஊருக்குச் சொல்ல நினைத்ததோ என்னவோ, துணியைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டி, "கொக்கொக்கொக்..." என்று கத்தியது.

தெருவே திரும்பிப் பார்த்தது. தலைக்கு மேல் கோழித்தலையோடு நின்ற சங்கிலியம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உட்கார்ந்து சிரித்தாள். பிடிபட்டவள் அழுதிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். சிரித்தவளை எப்படி விடுவது?

அன்றைக்கே காளியம்மன் கோவில் வேம்படியில் ஊர் கூடியது. கோழி எப்படிப் பெட்டிக்குள் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இவள் ஏன் திருடினாள் என்பதில்தான் எல்லோருக்கும் அக்கறை.

"ஓடி வந்த ரத்தம்ப்பா," என்றார் மொக்கைச்சாமி. "பெத்தவன் வீட்டையே விட்டுட்டு வந்தவளுக்குப் பக்கத்து வீட்டுக் கோழி எம்மாத்திரம்?"

"ரத்தமெல்லாம் இல்ல," என்றாள் பஞ்சம்மாள். "இடது உள்ளங்கையில மச்சம் இருக்கு, நானே பார்த்தேன். அந்தக் கை சும்மா இருக்குமா?"

"சேர்மானந்தான் காரணம்," என்றார் கூட்டத்தில் ஒருவர். "தேவாரம் மலையடிவாரம். மலைக்கு அங்கிட்டு இங்கிட்டுச் சரக்குக் கடத்துறவுக நடுவுல வளந்திருக்கா."

சின்னக்கருப்பு இரண்டு முறை வாயைத் திறந்தான். அவன் வீட்டில் பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவன். சபையில் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்டம் ஒரு வெள்ளாட்டுக் குட்டி என்று முடிவானது. குட்டியை அப்போதே அறுத்து, அங்கேயே சமைத்து, ஊரே சாப்பிட்டது. சங்கிலியம்மாளுக்கும் பங்கு உண்டு. ஆத்திரத்தில் அவள் இரண்டு பங்கு சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து அவள் பெயர் கோழிக்கள்ளி. முதலில் பின்னால் சொன்னார்கள், பிறகு முன்னாலேயே சொன்னார்கள். தண்ணீர்க் கிணற்றில் பெண்கள் அவளைப் பார்த்ததும் முந்தானையில் முடிந்ததைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஒரு வீட்டைத் தாண்டினால் அந்த வீட்டுக்காரி கோழிகளை எண்ணினாள். "நான் எடுக்கல ஆத்தா" என்று அவள் சொன்ன ஒவ்வொரு முறையும், "எடுத்தவதான் இத்தனை தடவ சொல்லுவா" என்றார்கள். சொல்லாமல் இருந்து பார்த்தாள். "பாத்தியா, ஒத்துக்கிட்டா" என்றார்கள்.

ஏழு வருடத்தில் நான்கு முறை வேம்படியில் நிறுத்தினார்கள். நான்கு குட்டிகள் போயின. கடைசியாகக் காணாமல் போனது பஞ்சம்மாளின் சிவப்புச் சேவல். குட்டிக்கறியைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்த சங்கிலியம்மாள், கை கழுவும்போது திடீரென்று நின்றாள்.

"இந்தாய்யா," என்றாள் புருசனிடம். "சேவலுக்கு நாம தண்டம் கட்டியாச்சுல்ல?"

"கட்டியாச்சு."

"அப்ப சேவல் எங்க?"

சின்னக்கருப்பு யோசித்தான். "நாம எடுக்கலையே."

"விலையைக் குடுத்தாச்சு, சரக்கு கைக்கு வரல. இது எந்த ஊரு நாயம்?"

மறுநாள் உச்சிவெயிலில், எல்லோரும் காட்டில் இருந்த நேரத்தில், அவள் நிமிர்ந்த நடையோடு பஞ்சம்மாள் வீட்டுக் கொல்லைக்குள் போனாள். ஒரு கொழுத்த பெட்டைக்கோழியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்தாள். அது சத்தமே போடவில்லை. திரும்பி வரும்போது அவள் கால் தரையில் பாவவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு விலா நோகச் சிரித்தாள். ஏழு வருடமாகச் சுமந்த பெயர், அன்றுதான் அளவாகத் தைத்த ரவிக்கை மாதிரி உடம்பில் சரியாகப் பொருந்தியது.

"தண்டம் முந்தி, கோழி பிந்தி," என்று சொல்லிக்கொண்டே குழம்பு வைத்தாள். சின்னக்கருப்பு நடுங்கிக்கொண்டே இரண்டு காலையும் தின்றான்.

அடுத்த மாதம் நாட்டாமை வீட்டிலிருந்து ஒன்று. இரண்டு கோழிகளையும் யாருமே தேடவில்லை! அவளுக்கு அது பெரிய ஆச்சரியம். எடுக்காதபோதெல்லாம் பிடித்தவர்கள், எடுத்தபோது கண்டுகொள்ளவே இல்லை. பல நாள் யோசித்துக் கடைசியில் அவளுக்கு விளங்கியது. ஊர் கறி தின்று நாளாகி, நாக்கு நமநமக்கும்போதுதான் ஈச்சங்காட்டில் கோழி காணாமல் போகும். அவள் எடுத்த இரண்டும், தண்டக்குட்டியின் ருசி ஊர் வாயில் இருந்த காலத்தில் போனவை. இதைப் புருசனிடம் சொன்னபோது அவன், "இதை வெளிய சொல்லிராத, அதுக்கும் ஒரு குட்டி கேப்பாக," என்றான்.

1892-ஆம் வருடம், கம்பறுப்பு முடிந்து ஊர் சும்மா இருந்த சமயத்தில், குளத்தங்கரையில் ஒரு துரை வந்து கூடாரம் போட்டார். மேற்கே மலைமேல் அணை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. துரைமார்கள் போவதும் வருவதும் அந்தப் பக்கத்தில் புதிதல்ல. ஆனால் இவர் அணைக்கு வந்தவர் இல்லை. இவரிடம் நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு பித்தளை இடுக்கி இருந்தது. அதைக் கொண்டு மனிதர்களின் தலையை அளப்பதுதான் அவர் வேலை. கூட வந்தவர் மரிய ஜோசப், ராயப்பன்பட்டிக்காரர், மிஷன் பள்ளியில் இங்கிலீசு படித்த ரைட்டர். அவர்தான் ஊரைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார்.

"துரை ஒரு புத்தகம் எழுதுறாக. களவாணிக்கு மண்டை எலும்பே வேற மாதிரி இருக்குமாம். பிறக்கும்போதே அப்பிடித்தானாம். அளந்து பாத்தாச் சொல்லிரலாமாம். அதுக்காக ஒவ்வொரு ஊர்லயும் திருடுறவுக தலை, நல்லவுக தலை ரெண்டையும் அளக்குறாக."

"ஒரு களவாணி எங்ககிட்ட இருக்கா," என்றார் மொக்கைச்சாமி பெருமையாக, ஊரில் நல்ல கிணறு இருக்கிறது என்று சொல்வது போல.

"தண்டனை ஒண்ணும் கிடையாது," என்றார் ரைட்டர். "அளக்க வர்ற களவாணிக்குத் துரை ஒரு துண்டும் ஒரு தீப்பெட்டியும் தருவாக. ஆனா என்ன திருடுனோம்னு சொல்லணும். நான் எழுதிக்கிருவேன். பொய் சொல்லக் கூடாது."

"நல்லவுகளுக்கு?"

"நல்லவுகளுக்கு ஒண்ணும் இல்ல. நல்லவுக சும்மாவே வருவாகன்னு துரை நினைக்கிறாக."

துரை ஒரு தீப்பெட்டியைத் திறந்தார். ஒரு குச்சியை எடுத்து உரசினார். சர்ரென்று தீ பிறந்தது.

ஈச்சங்காட்டில் அதுவரை அடுப்பு மூட்ட, பக்கத்து வீட்டில் கங்கு வாங்கி வருவார்கள். பக்கத்து வீட்டோடு சண்டை என்றால் அன்றைக்குப் பச்சைத்தண்ணீர்தான். அப்படிப்பட்ட ஊருக்கு நடுவில், விரல் நுனியில் தீ! கூட்டம் "ஆ" என்றது. பிறகு ஒரே தள்ளுமுள்ளு.

துரை குளத்தங்கரையில் இரண்டு கயிறு கட்டச் சொல்லியிருந்தார். இடப்பக்கக் கயிறு களவாணிகளுக்கு, வலப்பக்கம் யோக்கியர்களுக்கு. முறைப்படி இடப்பக்கம் முதலில் போய் நின்றவள் சங்கிலியம்மாள். ஏழு வருடத்து உரிமை! ஆனால் ஒரு நொடியில் அவளை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு பஞ்சம்மாள் முன்னால் வந்தாள்.

"ரைட்டரய்யா, எழுதிக்கங்க! எங்க வீட்டுச் சிவப்புச் சேவல்! நாந்தான் அதைச் சின்னமனூர் சந்தையில வித்து வளவி வாங்குனேன். எம்புருசங்கிட்ட இவ எடுத்துட்டான்னு சொல்லிட்டேன்."

"சொந்தச் சேவலை வித்தாத் திருட்டாகுமா?" என்று யோசித்தார் ரைட்டர்.

"புருசனுக்குத் தெரியாம வித்தாத் திருட்டுத்தான்!" என்று கத்தினான் பின்னால் நின்ற அவள் புருசன். ரைட்டர் எழுதினார். பஞ்சம்மாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தீப்பெட்டியைக் காதருகில் ஆட்டிப் பார்த்துக்கொண்டே நகர்ந்தாள்.

அடுத்தது நாட்டாமை. "ரெண்டாவது தடவை ஒரு வெள்ளக்கோழி காணாமப் போச்சுல்ல? அது நாந்தான். மழைநாள், வீட்டுக்குள்ள வந்து நின்னுச்சு. குழம்பு வச்சிட்டோம்." ரைட்டர் தீப்பெட்டியை நீட்டினார். மொக்கைச்சாமி குரலைத் தாழ்த்தி, "வடக்குக் காட்டு எல்லைக்கல்லையும் நாலடி நகத்திருக்கேன். அதுக்குத் தனியா ஒரு பெட்டி உண்டா?" என்று கேட்டார். வடக்குக் காட்டுக்காரன் அதைக் கேட்டுவிட்டான். அவன் நாட்டாமையின் துண்டைப் பிடித்தான். நாட்டாமை அவன் குடுமியைப் பிடித்தார். இருவரும் வரிசையில் இடம் போய்விடக் கூடாதே என்று, நகராமல் நின்ற இடத்திலேயே கட்டிப் புரண்டார்கள்.

அதற்குப் பிறகு தாங்கவில்லை. கமலைக் கயிறு, எருவட்டி, பக்கத்துத் தோட்டத்துப் பூசணிக்காய், கோவில் விளக்கெண்ணெய், மாமியாரின் காதுத் தண்டட்டி. ஏழு வருடத்தில் அந்த ஊரில் காணாமல் போன பொருளெல்லாம் ஒவ்வொன்றாக வாய்வழியே வெளியே வந்தது. "அட நீதானா அது!" என்று ஒரு சத்தம், ஒரு அடி, ஒரு சிரிப்பு, அடுத்த ஆள். துரை ஒவ்வொரு தலையையும் இடுக்கியால் பிடித்து அளவு சொல்லச் சொல்ல, ரைட்டரின் கை வலித்தது.

கடைசியில் சின்னக்கருப்பு வந்து நின்றான். நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது.

"என்ன திருடுன?"

"ஒண்ணும் இல்லங்க. ஆனா தீப்பெட்டி வேணும்."

"திருடாதவனுக்குக் கிடையாது. நல்லா யோசி."

யோசித்தான். வேர்த்தது. திரும்பிப் பார்த்தான், முகம் மலர்ந்தது. "இந்தா உக்காந்திருக்காளே, இவளைத் திருடிட்டு வந்தேன்! தேவாரத்துல இருந்து! மாட்டுப்பொங்கலன்னிக்கு!"

ஊரே கொல்லென்று சிரித்தது. ரைட்டர் ஒரு கணம் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

சங்கிலியம்மாள் அப்போது வலப்பக்கக் கயிற்றுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாள். பஞ்சம்மாள் இடித்துத் தள்ளியபோதே அந்தப் பக்கம் போய்விட்டாள். முதலில் கோபம்தான் வந்தது. கழுவில் ஏற்றினாலும் வராத உண்மை, ஒரு தீக்குச்சிக்கு வந்துவிட்டதே! ஆனால் எல்லைக்கல் வந்தபோது உதடு துடித்தது, தண்டட்டி வந்தபோது வயிறு குலுங்கியது, புருசன் வாய் திறந்தபோது அவள் மண்ணில் கவிழ்ந்து படுத்து, தரையைக் கையால் அறைந்து அறைந்து சிரித்தாள்.

துரை கணக்கைப் பார்த்தார். இடப்பக்கம் அறுபத்து மூன்று. வலப்பக்கம் ஒன்று. அவர் கண்கள் விரிந்தன. இங்கிலீசில் மளமளவென்று என்னவோ சொன்னார். கேட்கக் கேட்க ரைட்டரின் முகம் சுண்டிப்போனது.

"என்ன சொல்லுறாக?" என்றார் மொக்கைச்சாமி, சண்டையில் அவிழ்ந்த தன் குடுமியை முடிந்துகொண்டே.

"இப்பிடி ஒரு ஊரை உலகத்துலயே பாத்தது இல்லையாம். பிறவிக் களவாணி ஊராம். மேல எழுதி, இங்கனயே ஒரு போலீசு ஸ்டேஷன் போடச் சொல்லப் போறாக. செலவு உங்க தலையில. ஆம்பளையெல்லாம் தினமும் பொழுது சாய அங்க போயிக் கைநாட்டு வைக்கணும். நீங்களே சொன்னதாத்தானே எழுதியிருக்கு."

தீப்பெட்டிகள் சட்டென்று ஆடுவதை நிறுத்தின. துரை இப்போது ஊரின் ஒரே யோக்கியவதியிடம் வந்து, தொப்பியை எடுத்துவிட்டு, மரியாதையாக ஒன்று கேட்டார்.

ரைட்டர் அதைத் தமிழில் சொன்னார். "ஆத்தா, நீங்க ஒருத்தர்தான் சாட்சியாம். இவுக எல்லாரும் நிசமாவே திருடுறவுகதானான்னு கேக்குறாக. நீங்க சொல்லுறதை எழுதிக்கிருவாக."

சங்கிலியம்மாள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். மெதுவாக ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அறுபத்து மூன்று முகங்களும் அவளைக் கும்பிடாத குறையாகப் பார்த்தன. தலை கிறுகிறுத்தது அவளுக்கு. ஆமாம் என்று ஒரு வார்த்தை, சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனியில் அது தித்தித்தது. பஞ்சம்மாளின் உதடு நடுங்குவதைப் பார்த்தாள். அந்த வாய்தான் முதன்முதலில் மச்சத்தைச் சொன்னது. இதே வாய்க்காரிதான், போன மழைக்குச் சங்கிலியம்மாள் காய்ச்சலில் கிடந்தபோது, வாசலில் நின்று திட்டிக்கொண்டே கஞ்சியை உள்ளே தள்ளிவிட்டுப் போனவள்.

"நாட்டாமைய்யா," என்றாள் துரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. துரைக்குத் தமிழ் தெரியாது. "எங்க வீட்டுக் குட்டி நாலு உங்க வயித்துல இருக்கு."

"தாரேன் ஆத்தா."

"நாலும் பெட்டைக்குட்டி. இந்நேரம் ஒவ்வொண்ணும் ரெண்டு போட்டிருக்கும்."

"எல்லாம் தாரேன் தாயி, சீக்கிரம் சொல்லு!"

"எல்லைக்கல்லு?"

"இன்னிக்கே நகத்திடுறேன்!"

அவள் ரைட்டர் பக்கம் திரும்பினாள். "துரைகிட்டச் சொல்லுங்க. இவுக ஒருத்தரும் திருடல. தீப்பெட்டிக்காகப் பொய் சொல்லியிருக்காக. இவுக எப்பிடிப் பொய் சொல்லுவாகன்னு எனக்குத் தெரியும். ஏழு வருசமா என்மேலதான் சொல்லிப் பழகுனாக. இந்த ஊர்ல திருடுனது நான் ஒருத்திதான். ரெண்டு கோழி. அதுவும் தண்டத்தை முந்திக் கட்டிட்டு எடுத்தது."

பஞ்சம்மாள் வாயைப் பிளந்தாள். "அடி பாவி, அந்தக் கொழுத்த கோழி நீதானா?"

"ரொம்ப ருசி, மதினி."

ரைட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு வழியாக மொழிபெயர்த்தார். துரை தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, பொய் சொல்லுகிறவர்களின் தலையைப் பற்றித் தன்னிடம் ஒரு திட்டமும் இல்லை என்றும், இவர்களால் நாள் வீணாயிற்று என்றும் சொல்லிவிட்டு, எழுதிய தாள்களின் குறுக்கே நீளக் கோடு இழுத்தார். கடமை தவறக் கூடாது என்று, ஒரே களவாணியான சங்கிலியம்மாளின் தலையை மட்டும் புதிதாக அளந்தார். அளவைக் குறித்துக்கொண்ட மரிய ஜோசப் புருவத்தை உயர்த்தினார். வலிக்காது என்று காட்ட, காலையில் துரை தன் தலையிலேயே இடுக்கியை வைத்துக் காட்டியிருந்தார். அந்த அளவும் இதுவும் ஒன்று. ரைட்டர் பிழைக்கத் தெரிந்தவர், வாயைத் திறக்கவில்லை.

பொய்யர்கள் தீப்பெட்டியைத் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவானது. திரும்பி வந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் கரிக்குச்சிகள்தான். துண்டு ஒன்றுகூடத் திரும்பவில்லை. மறுநாள் காலையில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு துரை ஓடைப்பட்டிப் பாதையில் போய்விட்டார்.

சங்கிலியம்மாளின் தொழுவத்துக்குப் பன்னிரண்டு குட்டிகள் வந்தன. எல்லைக்கல் நான்கடி பின்னால் போனது. வளையல் விஷயத்தில் பஞ்சம்மாளும் அவள் புருசனும் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அவனே இன்னொரு ஜோடி வாங்கிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு ஒருநாள், பழைய கிறுக்கு தலைக்கேறி, சங்கிலியம்மாள் உச்சிவெயிலில் பஞ்சம்மாளின் கொல்லைக்குள் நுழைந்தாள். ஒரு கோழியைத் தூக்கிக் கக்கத்திலும் வைத்துவிட்டாள். பஞ்சம்மாள் வீட்டுக்குள்தான் இருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏண்டி, அது முட்டையிடுற கோழி. அங்கன மூலையில நிக்கிறதைத் தூக்கிட்டுப் போ. வேணும்னா ரெண்டா எடுத்துக்க," என்றாள்.

சங்கிலியம்மாளுக்குக் கை சோர்ந்துவிட்டது. புல்லரிப்பும் இல்லை, மிதப்பும் இல்லை. கக்கத்தில் இருந்தது வெறும் கோழி. அதைக் கீழே விட்டுவிட்டு, பஞ்சம்மாளிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். பிறகு அவளுக்குத் திருட வரவே இல்லை.

ஆனால் ஊருக்கு நாக்கு நமநமப்பது நிற்குமா? அந்த ஆடியில் மொக்கைச்சாமி வேம்படியில் உட்கார்ந்து, "ஒரு கோழி காணலையாம்..." என்று ஆரம்பித்தார். எல்லோர் கண்ணும் பழக்க தோசத்தில் சங்கிலியம்மாள் பக்கம் போனது. அவளும் அவர்களைத் திருப்பிப் பார்த்தாள். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. சிரித்து ஓய்ந்ததும் அவளே எழுந்து சொன்னாள்:

"கறி திங்கணும்னா கறி திங்கணும்னு சொல்லுங்கய்யா. எதுக்கு ஒருத்தியப் பிடிச்சு நிறுத்திக்கிட்டு? மாசம் ஒரு வீடு, முறை வச்சு ஆளுக்கொரு குட்டி அறுப்போம். மொத முறை எங்க வீடு."

அப்படியே ஆனது. அந்த முறை ஈச்சங்காட்டில் வெகுகாலம் நடந்தது. முறை வந்த வீட்டுக்காரர்கள் குட்டி கொடுக்க மனமில்லாமல் தலையைச் சொறிந்தால், அன்றைக்கு மட்டும் அவர்களைக் களவாணி என்று கூப்பிடுவது ஊர் வழக்கமாயிற்று.

துரை வந்துபோய் மூன்று வருடம் கழித்து, மலைமேல் அணை முடிந்து, மலையைக் குடைந்து தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள் என்ற சேதி வந்தது. பள்ளத்தாக்கே வண்டி கட்டிக்கொண்டு ஆற்றைப் பார்க்கப் போனது. ஈச்சங்காட்டு வண்டிகளும் சின்னமனூருக்குப் போயின. ஒரு வண்டியில் சங்கிலியம்மாளும் பஞ்சம்மாளும் அடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரை நெடுகச் சனம். நுரைத்துக்கொண்டு வந்த செந்தண்ணீர் நாணலைச் சாய்த்து, படிக்கல்லை மூடி ஏறிக்கொண்டிருந்தது. சின்னக்கருப்பு, "எறங்காத, ஆழம் தெரியாது," என்று கத்துவதற்குள் அவள் பஞ்சம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டாள். கரையோரத்தில் முழங்காலளவுதான் இருந்தது. இரண்டு பேரும் வழுக்கி விழுந்தார்கள். எழுந்தார்கள். மறுபடியும், இந்தமுறை வேண்டுமென்றே, விழுந்தார்கள்.